ஆண்கள் சிறுகுழு: மட்டக்களப்பு, அம்பாறைச் சபைகளில் ஏன் தொடங்கித் தொடங்கி நிற்கிறது?

ஞாயிறு ஆராதனை முடிவில் அறிவித்தல் வாசிக்கப்படுகிறது: "ஆண்களுக்கான சிறுகுழு ஊழியம் ஆரம்பமாகிறது. சகல சகோதரர்களும் தவறாது கலந்துகொள்ளவும்." முதல் வாரம் கதிரை போதாது. இரண்டாம் மாதம் போதகர், செயலாளர், இன்னும் இரண்டு பேர். பிறகு அறிவித்தலும் நின்றுவிடுகிறது. வாகரை தொடக்கம் பொத்துவில் வரை, எந்தச் சபைப் பிரிவைச் சேர்ந்தவரைக் கேட்டாலும் இது தெரிந்த கதைதான். பழியோ ஆண்கள் மேல் விழுகிறது: "எங்கட ஆம்பிளையளுக்கு ஆவிக்குரிய அக்கறை இல்ல."

இந்தத் தீர்ப்பு நியாயமானதல்ல. கிழக்கின் குடும்ப அமைப்பு, போர்க்காலம் விட்டுச்சென்ற பழக்கம், தொழில் நேரம் ஆகிய மூன்றும் சேர்ந்து இங்குள்ள ஆணை இன்னொரு ஆணிடம் மனம்விட்டுப் பேச முடியாத இடத்தில் நிறுத்தியிருக்கின்றன. அறிவித்தலால் கூட்டப்படும் குழு இவற்றில் எதையும் தொடுவதில்லை. சேர்ந்து செய்யும் ஒரு வேலையிலிருந்து வளரும் குழுவால் தொட முடியும். அது எப்படி என்பதை அடிப்படையிலிருந்து பார்ப்போம்.

சிறுகுழு என்பது எது, எது அல்ல

சிறுகுழு என்றால் நான்கு முதல் எட்டு ஆண்கள், மாறாத அதே ஆட்கள், ஒழுங்காகக் கூடி, வேதத்தை வாசித்து, தங்கள் வாழ்க்கையைப் பற்றி உள்ளபடி பேசி, ஒருவருக்காக ஒருவர் ஜெபிப்பது. இந்த வரையறையில் முக்கியமான சொற்கள் "அதே ஆட்கள்", "உள்ளபடி" ஆகிய இரண்டும். இவை இல்லாவிட்டால் நடப்பது வேறொன்று.

குழப்பம் வருவது இங்கேதான். சபைகளில் ஏற்கெனவே பல கூட்டங்கள் உண்டு:

1. ஆண்கள் ஐக்கியம். தலைவர், செயலாளர், பொருளாளர் என நிர்வாகம் கொண்ட சங்கம். சிரமதானம், கரோல், ஆண்டு விழா இதன் வேலை. தேவையான அமைப்புத்தான். ஆனால் முப்பது பேர் நடுவே ஒருவன் தன் கடனைப் பற்றிப் பேசமாட்டான்.

2. வீட்டு ஜெபக்கூட்டம். யாரும் வரலாம், பெரும்பாலும் பெண்களே வருவார்கள். பாடல், பிரசங்கம், ஜெபம். இது ஆராதனையின் சிறிய வடிவம்.

3. செல் குழு. பெந்தெகொஸ்தே, சுயாதீன சபைகளில் பரவலானது. ஆத்தும ஆதாயமும் பெருக்கமும் இதன் நோக்கம். புதியவர்கள் வந்துகொண்டே இருப்பதால் இரகசியம் காப்பது கடினம்.

4. கத்தோலிக்கப் பங்குகளில் உள்ள அன்பியம். அயல்வீடுகளைச் சேர்த்த குடும்பங்களின் கூட்டம், ஆண்களுக்கு மட்டுமானதல்ல.

ஆண்கள் சிறுகுழு இவற்றுக்குப் போட்டியல்ல, இவற்றின் பெயர்மாற்றமும் அல்ல. வேத ஆதாரம் தேடுபவர்கள் மாற்கு 3:14ஐப் பார்க்கலாம். இயேசு பன்னிருவரைத் தெரிந்துகொண்டதற்குச் சொல்லப்படும் முதல் காரணம், அவர்கள் தம்மோடு இருக்கவேண்டும் என்பது. அனுப்பப்படுவது அதற்குப் பிறகே வருகிறது. யாக்கோபு 5:16 குற்றங்களை ஒருவருக்கொருவர் அறிக்கையிடச் சொல்கிறது. நூறு பேர் இருக்கும் ஆராதனையில் அந்தக் கட்டளையைக் கைக்கொள்ள இடமில்லை.

கடனில் பிறந்த குழு

சிறுகுழு ஏதோ அண்மையில் மேற்கிலிருந்து இறக்குமதியானது என்று நினைப்பவர்கள் உண்டு. மட்டக்களப்பைப் பொறுத்தவரை அது 1814இலேயே இங்கு கால்வைத்த மரபு. அந்த ஆண்டு காலியில் கரையிறங்கிய முதல் வெஸ்லியன் மிஷனரிமாரில் ஒருவரான வில்லியம் ஓல்ட் மட்டக்களப்புக்கு வந்தார். ஓராண்டு முடிவதற்குள், 1815இல், இங்கேயே இறந்தார். மெதடிஸ்த மத்திய கல்லூரி தன் தொடக்கத்தை அவரிடமிருந்தே எண்ணுகிறது. அவர் வளர்ந்த மெதடிஸ்த இயக்கத்தின் முதுகெலும்பு வகுப்புக் கூட்டம் எனப்பட்ட சிறுகுழு.

அது தோன்றிய விதம் கவனிக்கத்தக்கது. 1742இல் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில், மெதடிஸ்த இயக்கத்தைத் தொடங்கிய ஜோன் வெஸ்லியின் மக்கள் தாங்கள் கட்டிய கட்டடத்தின் கடனை எப்படி அடைப்பது என்று ஆலோசித்தார்கள். கப்டன் ஃபோய் என்பவர் ஒரு வழி சொன்னார்: ஒவ்வொருவரும் வாரம் ஒரு பென்னி தரட்டும், பன்னிரண்டு பேருக்கு ஒருவர் என்று பொறுப்பெடுத்துச் சேர்க்கட்டும், தர இயலாதவருக்காகச் சேர்ப்பவரே போடட்டும். பணம் சேர்க்க வீடு வீடாகப் போனவர்கள் அங்கே குடியையும் சண்டையையும் நோயையும் கண்டார்கள். கண்டதை வெஸ்லியிடம் சொன்னார்கள். கடன் வசூல் ஆத்தும விசாரிப்பாக மாறியது. பிறகு வீடு வீடாகப் போவதை விட்டு, பன்னிரண்டு பேரும் ஓரிடத்தில் வாரந்தோறும் கூடத் தொடங்கினார்கள்.

இதற்கும் முன்னரே, 1738இல், இன்னும் சிறிய குழுக்களுக்கு வெஸ்லி விதிகள் எழுதியிருந்தார். அவற்றில் ஆண்கள் தனி, பெண்கள் தனி. மணமானவர் தனி, மணமாகாதவர் தனி. அடிப்படையாக வைத்த வசனம் யாக்கோபு 5:16.

இந்த வரலாற்றிலிருந்து நமக்கு வேண்டியது ஒன்று. வகுப்புக் கூட்டத்தை யாரும் "ஐக்கியம் வளர்ப்போம்" என்று கூட்டவில்லை. தீர்க்கவேண்டிய ஒரு வேலை இருந்தது, அந்த வேலைக்காக ஒருவர் மற்றவரின் வாசலுக்குப் போனார், பேச்சு அங்கே பிறந்தது.

கிழக்கின் ஆண் எங்கே நிற்கிறான்

1. மனைவியின் வளவில்.

மட்டக்களப்பிலும் அம்பாறைக் கரையோரத்திலும் வீடு மகளுக்குச் சீதனமாகப் போகிறது. மாப்பிள்ளை பெண் வீட்டுக்குக் குடிபோகிறான். அடுத்த மகளுக்கு அதே வளவிலோ பக்கத்திலோ வீடு எழும்புகிறது. தாய், மகள்மார், பேத்திமார் ஒரே ஒழுங்கையில் வாழ்ந்து முடிக்கிறார்கள். தாய்வழிக் குடி முறையின் இந்த வழக்கம் கிறிஸ்தவக் குடும்பங்களிலும் பெரிதாக மாறவில்லை.

இதன் விளைவைச் சபைத் தலைவர்கள் போதிய அளவு யோசிப்பதில்லை என்றே தோன்றுகிறது. பெண்களுக்குச் சிறுகுழு பிறக்கும்போதே இருக்கிறது. மாலையில் வேலியடியில் நின்று கதைப்பவர்கள் அக்காவும் தங்கையும் சின்னம்மாவும். பெண்கள் ஐக்கியம் எந்தச் சபையிலும் சுலபமாக ஓடுவதற்கு இது பெரிய காரணம். ஆணோ தன்னோடு படித்தவனையும் தன்னோடு வலை இழுத்தவனையும் பிறந்த ஊரில் விட்டுவிட்டு வந்தவன். புதிய ஊரில், மனைவியின் சபையில், நாற்பது வயதிலும் அவன் "இன்னாருடைய மருமகன்". மரியாதை உண்டு, கதிரை உண்டு, பேச ஆள் இல்லை.

2. மச்சானும் சகலனும் நடுவில்.

அப்படியானவனை ஒரு சிறுகுழுவில் சேர்க்கிறோம். சுற்றி இருப்பவர்கள் யார்? மாமனார், மனைவியின் தம்பி, சகலன். "இந்தக் கிழமை வீட்டில எப்படி?" என்று தலைவர் கேட்கிறார். மனைவியோடு நான்கு நாளாகப் பேச்சில்லை என்பதை மனைவியின் தம்பி முன்னால் அவன் எப்படிச் சொல்வான்? "கர்த்தருடைய கிருபையால் சுகம்" என்கிறான். அடுத்தவரும் அதையே சொல்கிறார். மூன்று வாரம் இதைக் கேட்ட பிறகு யாருக்கும் வரத் தோன்றாது.

ஆகவே இந்தப் பகுதியில் குழு பிரிக்கும்போது முதல் விதி: மனைவிவழி உறவினரை ஒரே குழுவில் போடக்கூடாது. வட்டாரம் பார்த்து, வீட்டு வரிசை பார்த்துப் பிரித்தால் தவறாமல் அதுதான் நடக்கும், ஏனெனில் ஒரு ஒழுங்கை முழுதும் ஒரே குடும்பம். சிறிய சபைகளில் இது கடினம். 2012 குடிசன மதிப்பீட்டின்படி மட்டக்களப்பு மாவட்டத்தில் கிறிஸ்தவர்கள் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. அம்பாறையில் நூற்றுக்கு இரண்டளவுதான். இருபது குடும்பச் சபையில் எல்லோரும் எல்லோருக்கும் உறவு. அங்கே அடுத்த ஊர்ச் சபையோடு சேர்ந்து குழு அமைப்பதே வழி. திருக்கோவிலும் தம்பிலுவிலும், களுவாஞ்சிகுடியும் கல்லாறும் சைக்கிளில் போய்வரும் தூரம். சபைப் பிரிவு வேறாக இருந்தாலும் ஜெபிக்க அது தடையாக வேண்டியதில்லை.

3. போர் கற்பித்த மௌனம்.

இன்று நாற்பதைத் தாண்டிய ஆண்கள் வளர்ந்த காலத்தில், நான்கு இளைஞர் ஓரிடத்தில் கூடிக் கதைத்தால் யாராவது பார்ப்பார்கள், யாராவது சொல்வார்கள். சுற்றிவளைப்பு நாட்களில் ஆள் காட்டிக்கொடுக்கும் முகமூடி போட்ட தலையாட்டி ஒருவன் தலையசைத்தால் போதும். 1990இல் பிடித்துச் செல்லப்பட்டு இன்றுவரை திரும்பாதவர்களின் தம்பிமாரும் மகன்மாரும் நம் சபைகளில் உட்கார்ந்திருக்கிறார்கள். 2004 மார்ச்சில் கிழக்கில் விடுதலைப் புலிகள் இயக்கம் இரண்டாகப் பிளந்தபோது ஊருக்குள்ளேயே, சில இடங்களில் வீட்டுக்குள்ளேயே, கோடு விழுந்தது. கோட்டின் இரு பக்கமும் நின்றவர்கள் இப்போது ஒரே திருவிருந்துக்கு வருகிறார்கள்.

இந்த ஆண்களுக்கு வாயைத் திறக்காமல் இருப்பது உயிரைக் காத்த பழக்கம். அதை ஆவிக்குரிய குறைபாடு என்று பிரசங்க பீடத்திலிருந்து கண்டிப்பது பெரிய அநியாயம். பழகி, பார்த்து, இவன் வெளியே சொல்லமாட்டான் என்று உறுதியான பிறகுதான் அவர்கள் பேசுவார்கள். அதற்கு ஓராண்டு ஆகலாம். சபை காத்திருக்க வேண்டும்.

4. தொழில்.

ஞாயிறு பிற்பகல் 4 மணி என்ற நேரம் நகரத்து உத்தியோகத்தருக்குப் பொருந்தும். வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரையில் பெரும்போக விதைப்பும் அறுவடையும் நடக்கும் மாதங்களில் ஆண்கள் வாடியில் கிடக்கிறார்கள். இரவில் யானைக் காவல் வேறு. கடலுக்கும் வாவிக்கும் போகிறவரின் நேரம் காற்றையும் நீரையும் பொறுத்தது. கட்டாரிலும் சவூதியிலும் வேலை செய்பவர்கள் இரண்டு ஆண்டுக்கொருமுறைதான் வருகிறார்கள்.

எங்கிருந்து தொடங்குவது

2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு அன்று மட்டக்களப்பு சியோன் தேவாலயத்தில் குண்டு வெடித்தது. ஓய்வுநாள் பாடசாலைப் பிள்ளைகள் பலரும் அதில் இறந்தார்கள். அதற்குப் பின்வந்த மாதங்களில் சபைகளின் வாசலில் ஆண்கள் முறை போட்டு நின்றார்கள். பை சோதித்தார்கள், தெரியாத முகங்களை விசாரித்தார்கள். வேறெந்தக் கூட்டத்துக்கும் வராத ஆண்கள் அந்தக் காவலுக்கு வந்தார்கள். இரண்டு பேர், ஒரு படலை, இரண்டு மணித்தியாலம். அவர்கள் அங்கே என்ன பேசியிருப்பார்கள் என்று நினைத்துப் பார்த்தால் ஆண்கள் சிறுகுழுவின் வித்து எங்கே கிடக்கிறது என்பது விளங்கும். பல சபைகள் அந்த முறைப் பட்டியலைக் கிழித்துப் போட்டுவிட்டு, ஆண்கள் வருவதில்லை என்று மீண்டும் கவலைப்பட்டன.

ஆண்கள் முகத்துக்கு முகம் உட்கார்ந்தால் அடங்கிப்போகிறார்கள். தோளோடு தோள் நின்றால் பேசுகிறார்கள். ஆகவே:

1. அறிவித்தல் வேண்டாம். போதகரோ மூப்பரோ மூன்று பேரைத் தனித்தனியாகக் கண்டு கேட்கட்டும். "வாங்க, ஒரு வேலை இரிக்கு" என்பதே போதுமான அழைப்பு.

2. வேலை உண்மையானதாக இருக்கட்டும். விதவை ஒருத்தியின் கூரை மாற்றுவது, சேமக்காலையில் புல் வெட்டுவது, வெள்ளத்தில் சரிந்த வேலியைக் கட்டுவது. ஆண்களைக் கூட்டுவதற்காகக் கண்டுபிடித்த வேலை என்றால் மணந்து பிடித்துவிடுவார்கள்.

3. வேலை முடிந்து கைகால் கழுவித் தேத்தண்ணி குடிக்கும் அரைமணி நேரத்தில் ஒரு சங்கீதம் வாசித்து, ஒருவர் ஜெபித்தால் போதும். மூன்று நான்கு முறை இப்படி ஆனபின், "வேலை இல்லாவிட்டாலும் கூடுவோமா?" என்ற கேள்வி அவர்களிடமிருந்தே வரும். வரவில்லை என்றால் இன்னும் வேலை செய்யட்டும்.

நாள் குறிக்கும்போது போயா தினத்தை யோசிக்கலாம். பொது விடுமுறை, கூலிக்குப் போகிறவர்களில் பலர் வீட்டில் நிற்பார்கள், நாடு முழுதும் மதுபானசாலைகள் பூட்டு. குடியை விட முயலும் ஒருவனுக்கு விடுமுறை நாளே சோதனை நாள். அந்தப் பொழுதில் அவனோடு உட்கார நான்கு பேர் இருப்பது சாதாரண உதவி அல்ல.

கூடும் இடம்

ஆலய மண்டபத்தைத் தவிர்ப்பது நல்லது. அங்கே கதிரைகள் வரிசையாக நிற்கும், முன்னால் ஒரு மேசை நிற்கும், அந்த மேசைக்குப் பின்னால் யாராவது எழுந்து பிரசங்கிப்பார். வீட்டின் பின்வளவில், மாமரத்தடியில் கதிரைகளை வட்டமாகப் போட்டால் தலைமாடு கால்மாடு இருக்காது.

ஒன்றரை மணித்தியாலத்துக்கு மேல் போகக்கூடாது. முதலில் ஆளுக்கு இரண்டு நிமிடம்: கடந்த முறை சொன்ன விடயம் என்ன ஆயிற்று? பிறகு சுவிசேஷத்தில் ஒரு சிறு பகுதியை வட்டமாக வாசிக்கலாம். வாசிக்கத் தடுமாறுகிறவர் ஒருவர் இருந்தால் ஒருவரே எல்லாவற்றையும் வாசித்துவிடட்டும். பலர் குழுவுக்கு வராமல் நிற்பதற்கு இந்த வெட்கமே காரணம் என்பது வெளியே தெரிவதில்லை. கேள்வி இரண்டு: இதில் உனக்குப் பட்டது என்ன? இந்தக் கிழமை என்ன செய்யப் போகிறாய்? விளக்கவுரை வேண்டாம். மீதி நேரம் ஜெபத்துக்கு, ஒருவர் பக்கத்திலிருப்பவருக்காக, பெயர் சொல்லி.

தலைவரின் வேலை நேரம் பார்ப்பதும், அதிகம் பேசுகிறவரை நிறுத்துவதும், வராதவரின் வீட்டுக்கு அடுத்த நாளே போவதும். மூன்றாவதுதான் பெரியது. நல்ல பேச்சாளரைத் தலைவராக்குவதே நாம் வழமையாகச் செய்யும் பிழை.

வெளிநாட்டில் இருப்பவரை வட்ஸ்அப்பில் இணைக்கலாம், ஒரு நிபந்தனையோடு: குழுவில் பேசிய எதையும் எழுத்தாகவோ குரல்பதிவாகவோ அனுப்பக்கூடாது. அழைப்பில் சேர்ந்து கேட்கட்டும், பேசட்டும், அவ்வளவே. மனைவி வெளிநாட்டில் உழைக்க, பிள்ளைகளைத் தனியே வளர்க்கும் ஆண்கள் இங்கே அதிகம். அவர்களுக்காகப் பிள்ளைகளையும் கூட்டிவர இடம்வையுங்கள். ஒருவர் முறைக்கு முறை பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளலாம்.

இரகசியம், அதன் எல்லை

இரகசியம் காப்போம் என்று முதல் நாளிலேயே ஒவ்வொருவரும் வாய்திறந்து சொல்ல வேண்டும். மனைவியிடமும் சொல்வதில்லை, போதகரிடமும் சொல்வதில்லை. குழுவில் கேட்ட ஒரு விடயம் அடுத்த ஞாயிறு பிரசங்கத்தில் உதாரணமாக வந்துவிட்டால் அந்தக் குழு அன்றே செத்தது.

ஆனால் எல்லையும் அதே நாளில் சொல்லப்பட வேண்டும். பின்வரும் மூன்றிலும் இரகசியம் இல்லை:

1. பிள்ளை ஒன்றுக்குத் துன்புறுத்தல் நடக்கிறது என்று தெரிந்தால். சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் இலக்கம் 1929.

2. ஒருவன் மனைவியை அடிக்கிறான் என்று தெரிந்தால். 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டப்படி நீதவான் நீதிமன்றம் பாதுகாப்புக் கட்டளை வழங்கலாம். பெண்களுக்கான உதவி இலக்கம் 1938.

3. ஒருவர் தன் உயிரை மாய்க்க எண்ணுகிறார் என்றால். தேசிய மனநல உதவி இலக்கம் 1926. இலங்கையில் தற்கொலையால் இறப்பவர்களில் ஆண்களே பெரும்பான்மை. அவரைத் தனியே விடாமல் ஒருவர் கூடவே இருந்து வைத்தியசாலைக்குக் கூட்டிச் செல்ல வேண்டும். ஜெபம் அதற்குப் பதிலாகாது.

இரண்டாவது விடயத்தில் சபைகள் தளர்ந்துபோவதைக் காண வேதனையாக இருக்கிறது. அடித்தவன் குழுவில் அழுது மன்னிப்புக் கேட்கிறான், சகோதரர்கள் உருகிப் போகிறார்கள், வீட்டிலிருக்கும் பெண்ணை ஒருவரும் கேட்பதில்லை. அவள் பாதுகாப்பாக இருக்கிறாளா என்பதை, அவள் நம்பும் ஒரு பெண் போய்ப் பார்க்கும்வரை அந்தக் கண்ணீரை மனந்திரும்புதல் என்று எண்ணக்கூடாது. ஆண்கள் ஆண்களைக் காப்பாற்றும் இடமாகச் சிறுகுழு மாறினால், அது இல்லாமலிருப்பதே சபைக்கு நல்லது.

பணம்

குழுவுக்குள் கடன் கொடுக்கவும் வாங்கவும் கூடாது, சீட்டும் வேண்டாம். நுண்கடன் இந்த மாவட்டங்களில் எத்தனை வீடுகளை உலுக்கியது என்பது எல்லோரும் அறிந்தது. கடன் பெரும்பாலும் மனைவியின் பெயரில். தவணைக்காரர் வரும் நாளில் கணவன் வீட்டில் நிற்பதில்லை. அந்த வெட்கத்தைப் பேசத்தான் குழு வேண்டும். பேசிய இடத்திலேயே கடனும் வாங்கினால், திருப்பிக் கொடுக்க முடியாத வாரத்தில் அவன் வரமாட்டான். உதவி அவசியம் என்றால் சபையின் தரும நிதி வழியாக, திருப்பிக் கேட்காத பணமாகப் போகட்டும். குழு செய்யக்கூடியது வேறு: கணக்கெழுதத் தெரிந்த ஒருவர் கூட இருந்து, எந்தக் கடனை முதலில் அடைப்பது என்று கடதாசியில் போட்டுக் காட்டலாம்.

வீட்டில் கூடினால் சட்டச் சிக்கல் வருமா?

புதிய வழிபாட்டிடங்கள் கட்டுவது பற்றிய 2008ஆம் ஆண்டுச் சுற்றறிக்கையைக் காட்டி வீட்டுக் கூட்டங்கள் கேள்விக்குட்படுத்தப்பட்டதால் இந்தப் பயம் இருக்கிறது. அரசியலமைப்பின் 14ஆம் உறுப்புரை ஒவ்வொரு பிரசைக்கும் தன் மதத்தைத் தனித்தோ மற்றவர்களோடு சேர்ந்தோ, பகிரங்கமாகவோ அந்தரங்கமாகவோ அனுசரிக்கும் சுதந்திரத்தைத் தருகிறது. ஐந்து பேர் வீட்டில் கூடி வேதம் வாசிப்பது வழிபாட்டிடம் கட்டுவதல்ல. இருந்தும் அயலவரிடம் முன்கூட்டியே சொல்லிவைப்பது நல்லது. இந்துவும் முஸ்லிமும் பக்கத்து வீட்டில் இருக்கும் ஊர்களில், இரவில் ஆண்கள் கூடுகிறார்கள் என்பது யாருக்கும் புதிராக இருக்க வேண்டியதில்லை. ஒலிபெருக்கி தேவையே இல்லை.

சபைக்குள் என்ன மாறும்

குழு நிலைத்தால் சில விளைவுகள் வரும், எல்லாம் இனிமையானவை அல்ல. ஆண்கள் கேள்வி கேட்கத் தொடங்குவார்கள்: சபைக் கணக்கைப் பற்றி, தீர்மானங்களைப் பற்றி. ஒருவரோடொருவர் பேசத் தெரிந்த ஆண்களை ஒரு நபர் ஆட்டிவைக்க முடியாது. அதைச் சகிக்க முடியாத போதகர் குழுக்களைத் தொடங்காமலிருப்பது மேல். மறுபுறம், போதகர் ஒருவரே சுமந்த வைத்தியசாலைச் சந்திப்புகளும் சமாதானப் பேச்சுகளும் பங்கிடப்படும். மோசேக்கு அவனுடைய மாமன் எத்திரோ யாத்திராகமம் 18இல் சொன்ன ஆலோசனை இதுதான்: பத்துப் பேருக்கு ஒருவரை வை, இல்லாவிட்டால் நீயும் தொய்ந்துபோவாய், ஜனங்களும் தொய்ந்துபோவார்கள்.

போதகருக்கும் ஒரு குழு வேண்டும், தன் சபைக்கு வெளியே. கிழக்கில் போதகர்கள் இடமாற்றத்தோடு வாழ்கிறவர்கள். மனைவி வீட்டுக்கு வந்த மாப்பிள்ளையைவிட அவர்களுக்குப் பேச ஆள் குறைவு.

கால எல்லை ஒன்று வைத்துக்கொள்வது நல்லது. சிறுபோக அறுவடை முடிந்து பெரும்போக விதைப்புக்கு வயலில் இறங்குமுன் குழு ஒருமுறை உட்கார்ந்து, தொடர்வதா, நிறுத்துவதா, எட்டுப் பேருக்கு மேல் போய்விட்டதால் இரண்டாகப் பிரிவதா என்று வெளிப்படையாகப் பேசட்டும். விலக விரும்புகிறவர் குற்றவுணர்வில்லாமல் விலக அன்று வாய்ப்பு இருக்க வேண்டும். பிரிவதானால், புதிய குழுவுக்குத் தலைவராகப் போகிறவர் குறைந்தது ஒரு போகமாவது பழைய தலைவரோடு வராதவர்களின் வீடுகளுக்கு நடந்தவராக இருக்கட்டும்.